இரட்டைக் கதவு

டாக்டர் அறையிலிருந்து மகனும் மருமகளும் வெளியே வந்ததுமே மாமியார் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். ஸ்கேன் படங்கள் இருந்த பையை மார்போடு அணைத்துக்கொண்டு மகனைப் பார்த்தாள்.

"யாருக்குடா கோளாறு?"

மூன்று கருவும் தங்காமல் போனதிலிருந்து அந்த வீட்டில் உப்புக்குப் பஞ்சம் வந்தாலும் வரும், இந்தக் கேள்விக்கு வந்ததில்லை. மகன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். எட்டாம் மாடியில் அநாயாசமாகத் தொங்குகிறவனுக்கு அம்மா முன்னால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இன்று ஒட்டவில்லை.

"எனக்குத்தாம்மா. என் ரத்தத்துலதான்."

மருமகளுக்கு நெஞ்சு இளகிவிட்டது. பேசாமல் இருந்தால் போதும், இனி அவளை ஒரு வாயும் குறை பேசாது. ஆனால் மாமியாரின் முகம் சுண்டிப்போனதைப் பார்த்தாள். தன் தலையிலிருந்த கல்லை இறக்கி அவன் தலையில் ஏற்றிவிட்டா வீட்டுக்குப் போவது? டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை. அவள் உடம்பின் காவல் அணுக்கள் ஒரு வகை, அவனிடமிருந்து பிள்ளைக்குப் போகும் அடையாளம் இன்னொரு வகை. இரண்டும் பிறவியிலேயே வந்தவை, தனித்தனியாகக் குறையில்லை. சேருமிடத்தில் ஒத்துப்போகாமல் இருந்திருக்கலாம். அதையும் அடித்துச் சொல்ல முடியாது என்றார்.

"இல்ல அத்தை, உங்க பையன் பொய் சொல்றார். லிஃப்டுல ரெண்டு கதவு இருக்குல்ல? ரெண்டும் நல்ல கதவுதான். சேர்ற எடத்துல உரசுது. எந்தக் கதவு தப்புன்னு கேட்டா இவராலயே சொல்ல முடியாது."

மாமியார் அணைத்திருந்த பையைக் கீழே இறக்கினாள்.

"அப்ப யாரையுமே திட்ட முடியாதா?"

"முடியாது அத்தை. நாங்க இன்னொரு தடவை பாக்கப்போறோம். ஆரம்பத்துலேருந்தே செக்கப்புக்கு வரச்சொல்லியிருக்காங்க. நிக்கும்னு சொல்லல. இருந்தாலும் பாக்கப்போறோம்."

இன்னொரு தடவை முயலப்போகிற விஷயம், அவள் 'நாங்க' என்றபோதுதான் அவனுக்கே தெரியும். திரும்பி அவளைப் பார்த்தான். பிறகு மெதுவாகத் தலையசைத்தான்.

லிஃப்ட் வந்தது. உள்ளே போனதும் வழக்கம்போல அவன் காது கூர்மையானது, எண்ணெய் விட்டு எத்தனை நாளாயிற்றோ என்று முணுமுணுத்தான். மாமியார் பையைச் சரிசெய்துகொண்டு வெளியிலேயே பின்தங்கிவிட்டாள். கதவுகள் இரண்டும் நெருங்கி வந்தன. மருமகள் குறுக்கே கையை நீட்டினாள். கதவு ஒருமுறை அவள் மணிக்கட்டை நெரித்தது. அவள் கையை எடுக்கவில்லை. கதவுகள் ஒரு கணம் தயங்கி நின்று, மெல்ல விலகத் தொடங்கின.