ஆர்விட்டின் பழைய ஸ்பிரிங்

ஆர்விட் லுண்டீனின் ரைஃபிள் கல்லறைத் தோட்டத்தில் ஒருநாளும் நேரத்துக்கு வெடித்ததில்லை. செத்துப்போன சிப்பாய்க்கு ஏழு பேர் வரிசையாக நின்று மூன்று முறை வெற்று வெடி வெடித்து வழியனுப்புவது ஊர் முன்னாள் ராணுவத்தினர் மன்றத்தின் வேலை. முதல் வெடி ஒழுங்காகத்தான் போகும். அடுத்ததில்தான் சனியன் பிடிக்கும். கைப்பிடியை இழுத்து விட்டால் மற்றவர்களுடையது டக்கென்று போய் மூடிக்கொள்ளும். இவருடையது முக்கால்வாசி போய் முரண்டு பிடிக்கும். உள்ளங்கையால் ஒரு குத்து விட்டு மூடுவதற்குள் மற்ற ஆறும் வெடித்து ஓய்ந்துவிடும். அப்புறம் தனியாக ஒரு டொப்.

"டேய் ஆர்விட்!" என்று அணித்தலைவர் மெர்ல் கத்துவார். "என் சாவுக்கும் இப்படிச் சுட்டேன்னு வை, பெட்டியை உடைச்சுக்கிட்டு வந்து உதைப்பேன்!"

அந்த மெர்ல் செவ்வாய்க்கிழமை போய்ச் சேர்ந்துவிட்டார். ஆர்விட்டுக்குச் சோறு இறங்கவில்லை. இருபது வருஷம் திட்டிய மனுஷனுக்குக் கடைசியாக ஒரு தடவையாவது சரியாகச் சுட வேண்டாமா? எழுபது மைல் வண்டியோட்டி, ராணுவம் கழித்துப்போட்ட துப்பாக்கிகளுக்குச் சாமான் விற்கிற கடையில், கைப்பிடியைத் திரும்பத் தள்ளி மூடுகிற ஸ்பிரிங் புதிதாக ஒன்று வாங்கி வந்தார். யாரிடமும் மூச்சு விடவில்லை.

சமையலறை மேஜையில் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பழையது ஒரு விரற்கடை குட்டை. பாவம், அமுங்கி அமுங்கியே சோர்ந்துபோயிருந்தது. புதியதில் கிரீஸ் தடவி உள்ளே திணிக்கும்போது அது கையைவிட்டுத் துள்ளி நேரே வெண்ணெய்க் கிண்ணத்தில் போய் விழுந்தது.

"ஏங்க, நாளைக்கு ரொட்டிக்கு அதைத்தான் தடவணுமா?" என்றாள் மனைவி பெர்னிஸ்.

"சும்மா இருடி, உயிர் போற வேலை."

"போன உயிருக்குத்தானே இந்தக் கூத்து!"

மூன்றாவது முறை ஸ்பிரிங் அடங்கி உட்கார்ந்தது. கைப்பிடியை இழுத்து விட்டார். டக்! ஆர்விட் எழுந்து நின்று பெர்னிஸுக்கு சல்யூட் அடித்தார்.

சனிக்கிழமை. பனி காலுக்கடியில் நொறுங்கியது. மெர்லின் மனைவி லவோன், தானும் ஒரு காலத்தில் ராணுவ நர்ஸாக இருந்தவள், கொடி போர்த்திய பெட்டியருகே விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். புதுத் தலைவர் டெல்பர்ட் வரிசையின் முதல் ஆளாய் நின்றே கட்டளை கொடுத்தார். முதல் வெடி, ஏழும் ஒன்றாக. கைப்பிடியை இழுத்தார் ஆர்விட். டக்கென்று மூடியது. அடடா!

"சுடு!"

டொப்! ஆர்விட்டுடையது மட்டும். ஒரு மூச்சுவிடும் நேரம் கழித்து மற்ற ஆறும் சேர்ந்து வெடித்தன.

ஆர்விட்டுக்கு உள்ளங்கால்வரை வேர்த்தது. கட்டளைக்கு முந்திவிட்டோமோ? அடுத்ததுக்குக் கொஞ்சம் பொறுப்போம்.

"சுடு!"

ஆறும் வெடித்தன. அப்புறம் தனியாக ஒரு டொப்.

லவோன் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்றுதான் பாதிரியார் நினைத்தார்.

தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில், பன்றிக்கறி வைத்த ரொட்டியும் காப்பியுமாக எல்லாரும் உட்கார்ந்தபோது ஆர்விட் டெல்பர்ட்டின் மேல் பாய்ந்தார். "ஏன்டா லேட்டாச் சுட்டீங்க?"

"உனக்காகத்தான்டா! நீ தனியாத் தெரியக் கூடாதுன்னு ஆறு பேரும் பேசிவச்சு ரெண்டாவது வெடிக்கு உனக்காகக் காத்திருந்தோம். நீ என்னடான்னா முந்திக்கிட்டே. சரி, குத்து விடாமலே மூடிடுச்சேன்னு மூணாவதை நேரத்துக்குச் சுட்டோம்."

"அடப்பாவிகளா! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"ஸ்பிரிங் மாத்தினதை நீ சொன்னியா?"

லவோன் வந்து நின்றாள். ஆர்விட் தலையைக் குனிந்துகொண்டார். "மன்னிச்சிடுங்க லவோன். இன்னிக்காவது சரியாச் சுடணும்னுதான் புது ஸ்பிரிங் போட்டேன்."

"தெரியும். பெர்னிஸ் சொன்னா." சடங்குப்படி கொடுத்த மூன்று காலி தோட்டாக் கூடுகள் அவள் உள்ளங்கையில் இருந்தன. "இதுல கடைசியா வெடிச்சது எது?"

ஆர்விட் தன் சட்டைப்பையிலிருந்து அந்தக் கடைசி டொப்பின் கூட்டை எடுத்து நீட்டினார். அவள் மற்ற மூன்றையும் அவர் கையில் கொட்டிவிட்டு அதை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

"அவர் ஒவ்வொரு சாவுக்கும் போய்ட்டு வந்து, சாப்பாட்டு மேஜையில உன்னைத் திட்டித் தீர்ப்பார். அந்த டொப் கேக்கலைன்னா இன்னிக்கு நான் அழுதிருப்பேன், ஆர்விட்." கூட்டை இறுக்கிப் பிடித்தபடி கேட்டாள்: "பழைய ஸ்பிரிங்கைத் தூக்கிப் போட்டுட்டியா?"

"இல்லை, மேஜை டிராயர்ல கிடக்கு."

"பத்திரமா வை. என் முறைக்கு அதையே போட்டுக்கிட்டு வா."