ரத்தம் ஏறும் வரை கறி இல்லை

நான் மயங்கி விழவில்லை. கோ-கோ பயிற்சியில் ஓடிக்கொண்டிருந்தவள் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சற்று உட்கார்ந்தேன், அவ்வளவுதான். அதற்குள் எங்கள் அணியில் ஆளாளுக்குக் கத்தி, தண்ணீர் தெளித்து, ஒருத்தி என் கையில் சாவிக்கொத்து வேறு கொடுத்து, மேனாம்பேடு முழுக்க 'பெனிஷா போய்ட்டா' என்று சேதி பரப்பிவிட்டார்கள்.

விளையாட்டு ஆசிரியை கிருஷ்ணப்பிரியா மிஸ்ஸுக்குச் சந்தேகம் வந்தால் விடமாட்டார். மறுநாளே பள்ளிக்கு வந்திருந்த மருத்துவக் குழுவின் முன் என்னை நிறுத்தினார். நர்ஸ் ஆக்னஸ் அக்கா விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை மெஷினில் வைத்தார். ஹீமோகுளோபின் எட்டு புள்ளி ஒன்பது. குறைந்தது பன்னிரண்டு இருக்க வேண்டுமாம்.

"பத்தரையாச்சும் வரட்டும். அதுவரைக்கும் நீ ஓடக்கூடாது" என்றார் மிஸ்.

"மிஸ், ரெண்டு மாசத்துல ஆவடியில மேட்ச் மிஸ்!"

"அதான் ரெண்டு மாசம் இருக்கே. ஏத்திக்கினு வா."

பெட்ரோல் போட்டுக்கொண்டு வா என்பதுபோல் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் உடம்பில் இருந்த ரத்தமெல்லாம் முகத்துக்கு ஏறியிருக்கும். அப்போது அளந்திருந்தால் பதினைந்து காட்டியிருக்கும்.

இதில் நான் மட்டும் தனியாள் இல்லை. எங்கள் வகுப்புப் பெண்களில் பாதிக்கு மேல் இதே கதைதான். ஆறாம் வகுப்பிலிருந்து வருடா வருடம் குத்துகிறார்கள், வியாழக்கிழமை தோறும் இரும்புச் சத்து மாத்திரை தருகிறார்கள். மிஸ் எங்கள் ரத்த அளவை ஒரு சார்ட்டில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் கட்டம் கட்டமாக வரைந்து ஒட்டியிருக்கிறார். ஐந்து வருடத்தில் நாங்கள் எல்லோரும் வளர்ந்துவிட்டோம், அந்தக் கட்டங்கள் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. மாத்திரையை ஜன்னல் வழியாக எறிந்தவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். ஜன்னலுக்குப் பக்கத்து இடம் என்னுடையதுதான்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அம்மா ஜெயசீலி முதலில் நம்பவில்லை. அம்மா இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் துணி தைக்கும் கம்பெனியில் வேலை செய்கிறாள்.

"எங்க காலத்துல இந்த வியாதியெல்லாம் ஏது? கண்ணு இருட்டிக்கினு வந்தா வாய்ல ரவ்வோண்டு சர்க்கரய போட்டுக்கினு போய்க்கினே இருப்போம்" என்றாள். பிறகு என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். அது வெள்ளையாக இருந்ததோ என்னவோ, அடுத்த நிமிடம் மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றியாகிவிட்டது.

"மாதாவே, எம் பொண்ணுக்கு ரத்தம் ஏறுற வரிக்கும் எங்க ஊட்ல கறி, மீனு, முட்ட எதையும் அடுப்புல ஏத்த மாட்டேன்!"

அப்பா மேக்ஸ்வெல் அப்போதுதான் லேத் பட்டறையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். பாதி கழற்றிய சட்டையோடு அப்படியே நின்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயிலிலிருந்து நேராகக் கறிக்கடைக்குப் போகிற மனிதர் அவர்.

"அடியே, ரத்தம் ஏறணும்னா கறி தானடி துன்னணும்?"

"புடிச்சத உட்டாத்தான் அது நேர்த்திக்கடன். பாவக்காயவா உட முடியும்?"

"அதுக்கு இவ உடம்புக்கு வோணும்ன்றதயே உடுவியா?"

"மாதாகிட்ட சொல்லியாச்சு. இனிமே பேச்சே கெடையாது."

மாதா என் அம்மாவிடம் கறியைக் கேட்டாளா? கேட்டிருந்தாலும் கொஞ்சம் யோசித்துத்தான் கேட்டிருப்பாள். ஆனால் அம்மாவிடம் வாதாடுவதை விடத் தூணோடு மோதிக்கொள்ளலாம்.

அன்றிலிருந்து பீட்ரூட் ஆட்சி. சிவப்பாக இருக்கிறதே, அதனால் ரத்தம் என்பது அம்மாவின் கணக்கு. பீட்ரூட் பொரியல், பீட்ரூட் சாம்பார், பீட்ரூட் சட்னி, ஒருநாள் பீட்ரூட் உப்புமா. முருங்கைக்கீரையும் கேழ்வரகும் நடுநடுவே வந்து எங்களைக் காப்பாற்றின. அப்பாவின் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் பட்டறையே சுற்றி நின்று சிரித்ததாம்.

ஒரு சாயங்காலம் அப்பா என்னைப் பள்ளியிலிருந்து பைக்கில் அழைத்து வந்தார். நான் அன்றும் விளையாடவில்லை, ஓரமாக நின்று விசில்தான் ஊதினேன். எங்கள் தெருவுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் வண்டி திரும்பவில்லை. எஸ்டேட் பக்கம் போய் துலுக்கானத்தின் தள்ளுவண்டிக்கு முன்னால் நின்றது. கல்லில் ஈரல் வறுவல் சொய்யென்று சத்தம் போட்டது. மிளகு வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அப்பா, நேர்த்தி?"

"உங்கம்மா இன்னா சொன்னா? எங்க ஊட்ல அடுப்புல ஏத்த மாட்டேன்னு தான சொன்னா? இது நம்ம ஊடா? நம்ம அடுப்பா? மாதாவுக்குத் தெரியாதது ஒண்ணுமில்ல. துன்னு."

தின்றேன். தட்டை வழித்தேன். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை தின்றேன். தின்றுவிட்டு அப்பாவும் மகளும் சோம்பு மென்று, குழாயடியில் சோப்புப் போட்டுக் கை கழுவி, ஒருவர் வாயை ஒருவர் ஊதிப் பார்த்துக்கொண்டு வீட்டுக்கு வருவோம். வந்து ஆளுக்கொரு தட்டு பீட்ரூட்டும் சாப்பிடுவோம். மாத்திரையையும் இப்போது ஒழுங்காக முழுங்கினேன். ஜன்னல் பக்கம் திரும்பக்கூட இல்லை.

மறுபடி சோதனை செய்யும் நாள் வந்தது. பெற்றோரையும் வரச்சொல்லியிருந்தார்கள். அப்பா அரை நாள் லீவு, அம்மா கையில் ஜெபமாலை. ஆக்னஸ் அக்கா குத்தினார். மெஷின் யோசித்தது.

"பத்து புள்ளி எட்டு!"

நான் கத்திய கத்தலில் பக்கத்து வகுப்பில் பாடம் நின்றுபோனது. மிஸ் என்னைத் தூக்கிச் சுற்றினார், உடனே தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறக்கிவிட்டார். "ஞாயித்துக்கிழம நீதான் மொத பேட்ச்ல ஓடுற" என்றார்.

"இன்னும் ஏறணும். ஆனா ரெண்டு மாசத்துக்கு இது நல்ல ஏத்தம்" என்றார் ஆக்னஸ் அக்கா. "என்னம்மா குடுத்தீங்க?"

"ஜெபம்" என்றாள் அம்மா, பெருமையாக. "பீட்ரூட்டும்."

"ஈரல் எதுவும் குடுத்தீங்களா?"

அப்பா தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை மிகுந்த ஆர்வத்தோடு பார்க்க ஆரம்பித்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன். அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என் நேர்த்திய ஒட்ச்சிட்டீங்களா! அப்பனும் பொண்ணும் சேந்துக்கினு…" என்று எழுந்தவள், அப்படியே மேஜையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கண்ணை மூடித் திறந்தாள். "ஒண்ணுமில்ல. வேகமா எந்திரிச்சா இப்டித்தான் வரும். சின்ன வயசுலேர்ந்தே கீது."

ஆக்னஸ் அக்கா அம்மாவின் விரலைப் பிடித்து ஒரு குத்து குத்தினார்.

எட்டு புள்ளி இரண்டு.

"மெஷின் கெட்டுப்போச்சு" என்றாள் அம்மா.

"மெஷின் நல்லாத்தான்கா கீது. உங்க காலத்துலயும் இது இருந்துச்சு. யாரும் குத்திப் பாக்கல, அவ்ளோதான்."

எனக்குச் சிரிப்பு நின்றுபோனது. என்னைவிடக் குறைந்த ரத்தத்தை வைத்துக்கொண்டு இவள் நாளெல்லாம் தையல் மிஷின் மிதித்து, தண்ணீர் தூக்கி, எனக்காக மண்டியிட்டு ஜெபமும் செய்திருக்கிறாள். அந்த நொடியில் எனக்கு அவள்மேல் பயங்கரக் கோபம் வந்தது. ஆக்னஸ் அக்கா மாத்திரையைக் கொடுத்து, ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லி நாளும் குறித்தார்.

ஞாயிற்றுக்கிழமை. நேர்த்தி முடிந்ததால் வீட்டு அடுப்பில் ஈரல் ஏறியது. ஆவடிக்குப் போகும் வேன் வாசலில் வந்து நின்று ஹாரன் அடித்தது. ஜெர்சியோடு அவசர அவசரமாகச் சாப்பிட்டு எழுந்தேன். அம்மா அப்பாவுக்கும் எனக்கும் அள்ளி அள்ளி வைத்துவிட்டு, காலிக் கடாயில் சோற்றைப் போட்டு ஒட்டியிருந்த மசாலாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து நான் பார்க்கும் காட்சி. அன்றுதான் கவனித்தேன், அதில் ஒரு துண்டுகூட இல்லை.

அப்பாவும் அந்தக் கடாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், தன் தட்டை என் பக்கம் தள்ளினார். நான் அதிலிருந்த துண்டுகளையெல்லாம் அம்மா முன்னால் கொட்டிவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன்.

"நீ துன்னாத்தான் நான் போவேன்."

"பைத்தியமா உனுக்கு? வேன் நிக்குது! எனுக்கு இதான் ருசி."

"நிக்கட்டும்."

மிஸ் உள்ளே வந்தார். விஷயம் தெரிந்ததும் கைகட்டி நின்றார். "நேரம் ஆச்சுன்னா இவ ஓட முடியாதுக்கா. உங்க கையிலதான் கீது." பின்னாலேயே மொத்த அணியும் புகுந்தது. எங்கள் ஒற்றை அறையில் மூச்சுவிட இடமில்லை. அம்மா வேறு வழியில்லாமல் ஒரு துண்டை வாயில் போட்டாள். "கோ!" என்று கத்தினார்கள் எல்லோரும். அடுத்த துண்டு. "கோ!" அப்பாவும் கத்தினார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்து, புரையேறி, கண்ணில் தண்ணீர் வந்தது. சிரித்துக்கொண்டே கடைசித் துண்டையும் போட்டுக்கொண்டாள்.

"போ… போயேண்டி எரும… தோத்துட்டு வந்தியோ ஊட்ல சேக்க மாட்டேன்!"

நான் வேனுக்கு ஓடினேன். அம்மா வாய் நிறையக் கறியோடு என்னைத் திட்டி அதுவரை நான் கேட்டதே இல்லை.