புதன்கிழமை விடுதலை

நூற்றுத் தொண்ணூற்றொரு ராத்தல்தானே, இதற்கு எதற்கு இப்படி மூச்சு வாங்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள் சென்னியம்மாள்.

நான்கு பேர் அவள் கணவனைக் கட்டிலிலிருந்து தூக்கி, குளிப்பாட்டுவதற்காக வாசலில் போட்டிருந்த பலகைக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். நிலைப்படியைத் தாண்டுவதற்குள் ஒருவருக்குக் கை நழுவியது. "சித்தெ நில்லுங்கப்பா" என்று சத்தம் கேட்டு இன்னும் இரண்டு பேர் ஓடிவந்து இடுப்புக்கடியில் கைகொடுத்தார்கள்.

"உசுரு போயிட்டா ஒடம்பு கனக்குமுங்க" என்றான் சுப்பண்ணன், அவள் தங்கையின் கணவன். யாரும் கேட்காமலே சொன்னான். சொல்லும்போது சென்னியம்மாள் நின்ற பக்கம் அவன் பார்க்கவில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் கந்தப்பக் கவுண்டர் இருநூற்று முப்பது ராத்தல் இருந்தார். மாடிப்படி ஏறினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாதியில் உட்கார்ந்துவிடுவார். அதிலிருந்து மாதம் ஒருமுறை, பருத்தி மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நின்றுவிட்டு வந்து அவளிடம் கணக்குச் சொல்வார். "இந்த மாசம் மூணு ராத்தல் போயிருச்சு அம்மணி. சட்டையப் பாரு, எப்படித் தொங்குதுன்னு." வயிற்றுக்கு முன்னால் துணியைப் பிடித்து இழுத்துக் காட்டுவார். அவள் அந்த எண்ணைத் திருநீறு வாங்குவதுபோல வாங்கி மனதில் வைத்துக்கொள்வாள். தராசை அவள் ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை.

நேற்று, புதன்கிழமை, திருப்பூரில் பருத்தி வியாபாரம் முடித்து, இருகூரில் ரயிலிறங்கி, வழக்கம்போல் மாட்டு வண்டியில் வந்துகொண்டிருந்தார். சிங்காநல்லூர் எல்லை வந்ததும் வண்டிக்காரன் திரும்பிப் பார்த்திருக்கிறான். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்ததாம். தூங்குகிறார் என்றுதான் நினைத்தானாம்.

நேற்றிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் அவளிடம் அதையேதான் கேட்டார்கள், கடைசியாக என்ன சாப்பிட்டார் என்று. "காலையில ராகிக்களியும் கீரையும் தின்னுபோட்டுப் போனாருங்க" என்று அவள் எல்லாருக்கும் சொன்னாள். அதைச் சொல்லும்போதெல்லாம் துக்கத்துக்கு நடுவிலும் அவள் குரலில் ஏதோ ஒன்று நிமிர்ந்து நின்றது. செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறேன், அதற்கு மேல் விதி என்பதுபோல.

வாசலில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அவர் உடம்பிலிருந்து கழற்றிய வேட்டியும் சட்டையும் உள்ளறை மூலையில் சுருட்டிக் கிடந்தன. வண்ணாருக்குப் போடுவதற்கு முன்னால் சட்டைப்பையைப் பார்த்துவிடலாம் என்று எடுத்தாள். எடுத்ததுமே நெய் மணந்தது.

பையில் ரயில் சீட்டு இருந்தது. அதற்கடியில் வாழையிலைத் துண்டில் ஒரு பொட்டலம். பிரித்தாள். கச்சாயம் இரண்டு, ஒன்று கடித்த பாதி. வெல்லமும் அரிசிமாவும் பிசைந்து எண்ணெயிலோ நெய்யிலோ போட்டெடுக்கிற பண்டம் ஊரில் எல்லார் வீட்டிலும் உண்டு. ஆனால் ஓரத்தை இப்படி விரலால் கிள்ளிக் கிள்ளி விடுவது அவள் அம்மா. அம்மா போன பிறகு அப்படிச் செய்ய இரண்டே பேர்தான் இருந்தார்கள். சென்னியம்மாள் கச்சாயம் சுட்டு இரண்டு வருடமாகிறது.

அந்த இன்னொருத்தி, அவள் தங்கை, அந்நேரம் மஞ்சள் கரைக்கச் சொம்பு தேடிக்கொண்டு உள்ளே வந்தாள். இலையைப் பார்த்தாள். கதவைச் சாத்தினாள்.

"எத்தன நாளா நாச்சி?"

"அக்கா..."

"எத்தன நாளாங்கறேன்."

"ரெண்டு வருசமா. புதங்கெழம புதங்கெழம" என்றாள் நாச்சியம்மாள்.

இரண்டு வருடம் முன்னால், நெய்யும் கறியும் சோறும் ஆகாது என்று சொன்ன வெங்கடபதி டாக்டர்கூட அவருக்காகக் கேட்டது மாதத்துக்கு ஒரு நாள்தான். "ஒரேயடியா எல்லாத்தையும் நிறுத்துனா மனுசன் தாங்கமாட்டாருங்க. மாசம் ஒரு நாள் ஆசைப்பட்டதச் சாப்புடட்டும், மத்த நாளு ஒழுங்கா இருப்பாரு" என்றார். திரும்பி வரும் வழியில் கவுண்டர் குழந்தைபோலக் கேட்டார், "அமாவாசைன்னு வெச்சுக்கலாமா?" ஒரு நாள் என்று கதவைத் திறந்தால் பின்னாலேயே நோம்பி வரும், கல்யாணம் வரும், விருந்தாளி வருவான் என்று அவளுக்குப் பட்டது. நடுப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த முகம் கண்ணுக்குள் நின்றது. "வேண்டாங்க. ஒரு நாளும் வேண்டாங்க" என்றாள். அவர் கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தார். பிறகு, "செரி, நீ சொல்றாப்பலயே ஆகட்டும்" என்றார். அந்தச் "செரி"யை இத்தனை நாளும் அவள் தன் வாழ்க்கையில் கிடைத்த பெரிய மரியாதை என்று எண்ணியிருந்தாள்.

"நாங் கூப்புடலக்கா" என்று நாச்சியம்மாள் தாழ்ந்த குரலில் சொன்னாள். "அவராத்தான் வந்தாரு. இருகூர்ல ரயிலெறங்கி நேரா எங்கூட்டுக்கு வந்து, 'நாச்சி, சோறு இருக்குதா'ன்னு கேக்கற மனுசன என்னன்னு சொல்லித் தாட்டியுடறது?"

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல."

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிப்போட்டாரு. பாவம்க்கா மாமா. உன்ற களிய ஜெயில் களிம்பாரு. எங்கூட்டுக்கு வர்ற நாளு விடுதல நாளாம். மறியலுக்குப் போனவிய மாலையப் போட்டுட்டு வெளிய வர்றாப்பல, துண்டக் கழுத்துல சுத்திக்கிட்டு, 'விடுதல ஆயிட்டேன்'னு சொல்லிட்டேதான் வாசப்படி ஏறுவாரு. புள்ளைங்க சிரிச்சு உருளும்."

சொல்லும்போதே நாச்சியம்மாளின் வாயோரத்தில் அந்தச் சிரிப்பு வந்துவிட்டது. அதைக் கடித்து நிறுத்தினாள். அழுகையாகிவிட்டது.

சென்னியம்மாள் அழவில்லை. அவர் அப்படி விளையாடுவார் என்பதே அவளுக்குப் புதிது. இந்த வீட்டில் துண்டு கழுத்துக்குப் போனதில்லை. களியை உருட்டி விழுங்கிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து, "நல்லாத்தான் இருக்குது" என்பார், அவ்வளவுதான். அதே சட்டியிலிருந்து அவளும் எடுத்துத் தின்றாள். அவர் கண்முன் நெல்லுச்சோறு தின்னக் கூடாது என்று இரண்டு வருடம் அவளும் தின்னவில்லை. நாச்சியின் மகள் பெரியவளானபோது, சீர் விருந்தில், "அவிய திங்காதத நானும் திங்கறதில்ல நாச்சி" என்று இலையைத் தள்ளி வைத்தாள். நாச்சி தலையைக் குனிந்துகொண்டு இலையை எடுத்துப்போனாள். பக்கத்தில் அவர் மோர் குடித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்திருப்பார்களா?

வளையல் முழங்கை வரை வழுக்குகிறது என்று சொந்தக்காரர்கள் சொன்னபோதெல்லாம், அவருக்கும் இப்படித்தான் குறைகிறது என்று சந்தோஷப்பட்டிருக்கிறாள்.

"அக்கா, என்ற பேச்சக் கேளு." நாச்சியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன்ற நங்கையா உடுமலப்பேட்டைல இருந்து வந்துட்டே இருக்கறாங்களாம். வண்டிக்காரன் எல்லாத்தையும் ஒளறிப்போட்டான், எங்கூட்ல கறிச்சோறு தின்னுபோட்டுத்தான் கெளம்புனாருன்னு. எம்புள்ளய அவிய பையனுக்குத் தையில முடிக்கறதாப் பேசியிருக்குது. தம்பிய வெசம் வெச்சுக் கொன்ன ஊடுன்னு ஒதுக்கிப்போடுவாங்க."

"அதுக்கு?"

"நீதான் வாரம் ஒரு நாளு விட்டேன்னு சொல்லிரு. அவ்வளவுதான். நீ விட்டிருந்தா அவரு திருட்டுத்தனமாத் தின்னதா ஆகாது. நான் மறைச்சதா ஆகாது. உனக்குந்தான் நல்ல பேரு, பொண்டாட்டி எரக்கமுள்ளவன்னு சொல்லுவாங்க. ஆரு மேலயும் குத்தமில்ல அக்கா."

சென்னியம்மாள் இலையை மடித்து மறுபடி சட்டைப்பையிலேயே வைத்தாள்.

வெளியே ஓலம் எழுந்தது. சென்னியம்மாளின் நங்கையா, கந்தப்பரின் அக்கா ராசாத்தாள் வந்துவிட்டாள். தலைவிரிகோலமாகத் தம்பி மேல் விழுந்து புரண்டாள். குளிப்பாட்டிக் கோடித்துணி போர்த்திக் கிடத்தியிருந்த உடம்பைத் தலையிலிருந்து கால்வரை தடவினாள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தோளோடு தோள் சேர்த்து அழுதார்கள். நாச்சியம்மாள் அக்காவை ஒட்டி உட்கார்ந்து, அவள் முதுகில் உள்ளங்கையை அழுத்தி வைத்திருந்தாள்.

அழுகை ஓய்ந்த இடைவெளியில் ராசாத்தாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். பார்வை நாச்சியம்மாளிடம் வந்து நின்றது.

"ஏம்மா, டாக்டரு ஆகாதுன்னு சொன்னத ஆக்கிப் போட்டியாமா?"

"அக்காதான் வாரத்துல ஒரு நாளு விட்டிருந்தாளுங்க" என்றாள் நாச்சியம்மாள். "நானா எதும் பண்ணலீங்க. வேணும்னா அக்காளையே கேளுங்க."

சுற்றியிருந்த பெண்கள் அழுவதை விட்டுவிட்டுக் கேட்டார்கள். கூட்டத்துக்குப் பின்னால் நாச்சியின் மகள் தண்ணீர்ச் சொம்போடு நின்றிருந்தாள்.

"ஏனம்மணி," ராசாத்தாளின் குரல் இறங்கியது. கோபத்தைவிட ஆசைதான் அதில் தெரிந்தது. தன் தம்பி கடைசியில் அனுமதியோடு, நிம்மதியாகத்தான் சாப்பிட்டான் என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்கிற ஆசை. "நீ விட்டியா?"

தலையை ஆட்டினால் போதும். அது முழுப் பொய்யும் இல்லை. தீபாவளிக்கு ஒரு நாள் விடலாம் என்று போன வாரம்தான் அவள் தீர்மானித்திருந்தாள். பச்சரிசிகூட வாங்கி வைத்தாயிற்று. இலை போட்டு உட்காரவைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். ஒரு நாள் கொடுத்தவள் என்கிற பேரை இப்போது எல்லாருமாகச் சேர்ந்து அவள் மடியில் போடுகிறார்கள். அவருக்கும் அது நல்ல பேர்தான். கோடித்துணிக்கு வெளியே தெரிந்த அவர் முகம், அவள் சொல்கிறபடியே ஆகட்டும் என்பதுபோல அமைதியாக இருந்தது.

"இல்லீங்க நங்கையா" என்றாள் சென்னியம்மாள். "நான் ஒரு நாளும் விடலீங்க."

அவள் முதுகிலிருந்து தங்கையின் கை மெல்ல விலகியது. கை இருந்த இடத்தில் ரவிக்கை வேர்வையில் நனைந்திருந்தது. காற்றுப் பட்டதும் அந்த இடம் மட்டும் குளிர்ந்தது.