லிண்டெல் ஸ்டூக்கியின் மடக்குத் துப்பாக்கி

உலகம் அழியும் நாளில் மலைக்கு ஓடிவிடுவதற்கென்று அமெரிக்காவில், மிசௌரியின் தெற்குக் குன்றுப் பக்கத்தில் ஐந்து பேர் ஒரு குழு வைத்திருந்தார்கள். லிண்டெல் ஸ்டூக்கி அதில் கடைசியாகச் சேர்ந்தவன். தரைவிரிப்புக் கடையில் விற்பனையாளன். ஐம்பதைத் தாண்டிவிட்டது. மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று, சுவரில் மாட்டியிருக்கும் படத்தைப் பார்ப்பவன்போல் மூச்சு வாங்குவான். குழுவில் ஆளுக்கொரு ரகசியப் பெயர் உண்டு. இவன் ஓநாய் என்று கேட்டான். அது போய்விட்டது, மிச்சமிருப்பது நீர்நாய்தான் என்றார் தலைவர். எப்படியோ ஒரு நாய் என்று லிண்டெல் ஒப்புக்கொண்டான். சேர்ந்த அன்றிலிருந்து தாடியும் வளர்க்க ஆரம்பித்தான். அது மட்டும் நன்றாக வளர்ந்தது.

தலைவர் வென்டல் ப்ராத்தர் ஓய்வுபெற்ற உதவித் தலைமையாசிரியர். மழமழவென்று சவரம் செய்த முகம், கழுத்தில் விசில். பிள்ளைகள் சட்டையை உள்ளே விட்டிருக்கிறார்களா என்று பார்த்துப் பழகிய கண்ணால் இப்போது வளர்ந்த ஆண்களின் முதுகுப்பைகளைச் சோதனை போட்டார். தன்னைக் கமாண்டர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது அவர் போட்ட முதல் சட்டம். துப்பாக்கி பைக்குள் அடங்க வேண்டும் என்பது புதிதாய்ப் போட்ட சட்டம். அந்த நாள் வரும்போது தெருவில் நடப்பவனிடம் என்ன இருக்கிறது என்று ஒரு ஈ காக்கைக்கும் தெரியக்கூடாதாம்.

மற்றவர்கள் எல்லோரிடமும் மடக்குத் துப்பாக்கி இருந்தது. லிண்டெலுடையது மட்டும் பைக்கு வெளியே ஒரு முழம் நீட்டிக்கொண்டு நின்றது.

"என்னப்பா, வீட்டுத் துடைப்பத்தையும் சேர்த்துக் கட்டிக்கிட்டு வந்துட்டியா?" என்று கேட்டான் டர்வர்ட் கைம்ஸ். கழிவுத்தொட்டி சுத்தம் செய்யும் லாரி வைத்திருப்பவன். ஓநாய் என்ற பெயரை வைத்திருப்பவனும் அவன்தான்.

லிண்டெலுடையது என்று சொன்னது ஒரு பேச்சுக்கு. துப்பாக்கி அவன் மனைவி கார்லீனுடையது. அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். கல்யாணத்துக்கு வெகுகாலம் முன்பே அவள் சம்பாத்தியத்தில் அவளே வாங்கியது. தோளில் முட்டுக் கொடுக்கும் பின்கட்டை நல்ல வால்நட் மரம். கோழிக்கூண்டுக்குக் கோழி திருடும் ரக்கூன் வந்தால் எழுந்து போவாள், ஒரு சத்தம் கேட்கும், திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தூங்குவாள். லிண்டெல் அதற்குள் ஒரு செருப்பைத்தான் கண்டுபிடித்திருப்பான்.

அவளிடம் சொல்லாமல் தபாலில் ஒரு மடக்குக் கட்டை வரவழைத்தான். கறுப்பு பிளாஸ்டிக், நடுவில் ஒரு கீல், ஒரு பொத்தான். பெட்டியைப் பார்த்து இது என்ன என்று கேட்டவளிடம் வெந்நீர்க் கொதிகலனுக்கு ஒரு உதிரி பாகம் என்றான். அவள் பேருந்தை எடுத்துக்கொண்டு போனதும் சாப்பாட்டு மேசையில் அவளுடைய நல்ல விரிப்பை விரித்து, போனில் வீடியோவைச் சாய்த்து வைத்து, வேலையை ஆரம்பித்தான். வீடியோவில் பேசிய பையன் கடுகு சாஸ் பாட்டில் திறப்பதுபோல் பழைய கட்டையைக் கழற்றிப் புதியதை மாட்டிவிட்டான். லிண்டெல் முதல் திருகாணியைக் கழற்றவே வீடியோவைப் பலமுறை நிறுத்த வேண்டியிருந்தது. கழன்ற திருகாணி மேசையிலிருந்து குதித்து ஃப்ரிட்ஜுக்கு அடியில் ஓடியது. குப்புறப் படுத்துத் துழாவியதில் ஒரு பழைய திராட்சையும் ஒரு சோளப்பொரியும் கிடைத்த பிறகு அதுவும் கிடைத்தது.

புதிய கட்டை உட்காரவில்லை. எங்கேயோ இடித்தது. தப்பு கட்டையில்தான் இருக்க வேண்டும் என்று அவன் முடிவு செய்தான். கார்லீனின் நகம் ராவும் அரத்தை எடுத்துவந்து பொத்தானுக்குப் பக்கத்தில் கொஞ்சம் ராவினான். பிறகு இன்னும் கொஞ்சம். கறுப்புத் தூள் விரிப்பெல்லாம் சிந்தியது.

கார்லீன் கதவைத் திறந்தபோது அவன் மரக்கட்டையை இடுப்புக்குப் பின்னால் ஒளித்தான். நீளமான பொருள், இரண்டு பக்கமும் தெரிந்தது.

"மேசை மேல செத்துக் கிடக்குதே, அது யாருது?"

"உன்னோடதுதான். இன்னும் நல்லா ஆக்கிக்கிட்டு இருக்கேன்."

"நல்லா இல்லேன்னு அது உன்கிட்ட சொல்லுச்சா?"

"கார்லீன், இது பைக்குள்ள போகணும். நகரத்துல சோறு தண்ணி இல்லாம போச்சுன்னா ஜனங்க கும்பல் கும்பலா இங்கதான் வருவாங்க."

அவள் பேருந்துச் சாவியை ஆணியில் மாட்டினாள். "நம்ம ஊருக்கா? போன வருஷம் ஒருத்தன் இங்க மீன் பொரிச்சுப் போடுற கடை திறந்தான். ஆளே வராம மூடிட்டுப் போனான். சாப்பாடு இருக்குறப்பவே ஒருத்தனும் வரல லிண்டெல்."

"அது வேற, இது வேற."

"என் நக அரத்த எடுத்த இடத்துல வை. அந்த மரத்தத் தூக்கிக் கீழ போட்டுறாத."

சண்டை பிடித்திருந்தால் லிண்டெலுக்கு வசதியாக இருந்திருக்கும். அவள் மரக்கட்டையை வாங்கி, துணியால் துடைத்து, படுக்கையறை அலமாரிக்கு மேல் வைத்துவிட்டு வந்து உருளைக்கிழங்கு உரித்தாள்.

ஒருவழியாகக் கட்டை உட்கார்ந்தது. பொத்தானை அமுக்கினால் மடங்கும், இழுத்தால் நீளும், நீளும்போது ஒரு 'க்ளிக்'. அந்தச் சத்தத்தில் லிண்டெல் மயங்கிவிட்டான். டிவி பார்க்கும்போது மடக்கினான், விரித்தான். கண்ணாடி முன்னால் நின்று மடக்கினான், விரித்தான். கண்ணாடியில் தெரிந்த ஆளுக்குத் தரைவிரிப்பு விற்கத் தெரியாது. அவனிடம் யாரும் விலை குறைக்கச் சொல்லிக் கேட்க மாட்டார்கள்.

"இன்னொரு தடவை அந்தச் சத்தம் கேட்டுச்சு, உன்னைய மடிச்சு வச்சிருவேன்" என்றாள் கார்லீன் அடுக்களையிலிருந்து.

சனிக்கிழமை பயிற்சி. காட்டை ஒட்டி ப்ராத்தருடைய உறவினரின் வைக்கோல் வயல். துப்பாக்கியில் குண்டு இருக்கக்கூடாது என்று முந்தின நாளே உத்தரவு. போனும் கூடாது, வானத்திலிருந்து கவனிக்கிறார்கள் என்று. லிண்டெல் காலையில் துப்பாக்கியில் குண்டு போட்டான். சும்மாதான். வெறும் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போவது பொம்மையைத் தூக்கிக்கொண்டு போவதுபோல் இருந்தது. வயலுக்கு வந்ததும் உத்தரவு ஞாபகம் வந்து, குண்டு அடுக்கிய மேகசினைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான்.

ப்ராத்தர் வரிசையில் நிற்க வைத்தார். ஒருவருக்கு முழங்கால் வலி, ஒருவருக்குச் சர்க்கரை. அவர் நடுநடுவே பிஸ்கட் சாப்பிட அனுமதி வாங்கியிருந்தார்.

"விரி" என்றார் ப்ராத்தர். விசில் அடித்தார். நான்கு கட்டைகள் நீண்டன. "குறி பார்." நான்கு கன்னங்கள் கட்டையில் சாய்ந்தன. "மடக்கு. சீக்கிரம், சீக்கிரம். எதிரி உங்களுக்காகக் காத்திருக்க மாட்டான்."

மற்றவர்கள் துப்பாக்கியைக் கீழே இறக்கி மடக்கினார்கள். லிண்டெல் சீக்கிரம் என்ற சொல்லுக்குக் கட்டுப்பட்டு, கன்னத்தை எடுக்காமலே பொத்தானை அமுக்கினான். கீல் தாடியோடு சேர்த்து மடங்கியது. அவன் ராவி வைத்த பொத்தான் உள்ளே போனது, வெளியே வரவில்லை.

சற்று நேரம் யாருக்கும் விளங்கவில்லை. நீர்நாய் ஏன் துப்பாக்கியை முத்தமிட்டுக்கொண்டு நிற்கிறான் என்று பார்த்தார்கள்.

"எழுத்தேன்னா வழிக்குது" என்றான் லிண்டெல். வாயைத் திறக்க முடியாததால், இழுத்தால் வலிக்கிறது என்பது அப்படித்தான் வந்தது.

டர்வர்ட் வயலிலேயே உட்கார்ந்து சிரித்தான். பிஸ்கட்காரர் தன் சாண்ட்விச்சைப் பிரித்து மயோனைஸை வழித்துக் கீலில் தடவினார். தாடி வழுக்கியதே தவிரக் கழலவில்லை. நான்கு பேரும் நான்கு பக்கமிருந்து யோசனை சொன்னார்கள். யாருக்குப் பதில் சொல்லத் திரும்பினாலும் லிண்டெலின் முகத்தோடு துப்பாக்கிக் குழாயும் அவர் பக்கம் திரும்பியது. நெஞ்சு, வயிறு, பிஸ்கட், மறுபடி நெஞ்சு.

அறுத்துவிடலாம் என்றார்கள். எல்லோர் இடுப்பிலும் முழங்கை நீளத்துக்குக் கத்தி. முழங்கால்காரரின் கத்தி வாங்கிய நாளிலிருந்து உறையைவிட்டு வந்ததில்லை, இன்றும் வரவில்லை. டர்வர்ட் தன் கத்தியை உருவிக்கொண்டு நெருங்கினான். சிரித்துச் சிரித்து அவன் கை நடுங்குவதைப் பார்த்து லிண்டெல் வேகமாகப் பின்வாங்கினான். உலகம் அழிந்த பிறகு வருஷக் கணக்கில் வாழ்வதற்கென்று கட்டிய ஐந்து பைகளையும் கொட்டிப் பார்த்தார்கள். வாயு முகமூடி இருந்தது. வெள்ளிக் காசு இருந்தது. மீன் தூண்டில் மட்டும் எட்டோ ஒன்பதோ இருந்தது. ஒரு கத்தரிக்கோல் இல்லை.

"இதுவும் ஒரு பயிற்சின்னு எடுத்துக்குவோம்" என்றார் ப்ராத்தர். "காயம்பட்ட வீரரை எப்படி அப்புறப்படுத்துறது?"

யாருக்கும் தூக்க முதுகு இல்லை. கடைசியில் அவரே கொஞ்சம் தள்ளிப்போய், குனிந்து, பூட்ஸுக்குள்ளிருந்து ஒரு போனை எடுத்தார். எல்லோரும் பார்த்தார்கள்.

"தலைமைக்கு மட்டும்" என்றார்.

கார்லீன் தன் டிரக்கில் வந்தாள். கையில் கோழி வெட்டும் கத்தரி. கட்டிக்கொண்டவனை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள். சிரிப்பு உதடு வரைக்கும் வந்தது. பிறகு துப்பாக்கியைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"திரும்பாத. அப்படியே காட்டப் பாத்து நில்லு" என்றாள். மற்றவர்களிடம், "நீங்க எல்லாரும் எனக்குப் பின்னால வாங்க. இதுல குண்டு இருக்கான்னு யாராவது பாத்தீங்களா?"

பிஸ்கட்காரர் டர்வர்ட்டைப் பார்த்தார், டர்வர்ட் ப்ராத்தரைப் பார்த்தான்.

"ஏகசீன கழத்தித்தேன்" என்றான் லிண்டெல்.

"அத நான் கேக்கல."

குழாயைக் கையால் பிடித்துக்கொண்டு தாழ்ப்பாளைப் பின்னுக்கு இழுத்தாள். மேகசினைக் கழற்றிய பிறகும் குழாய்க்குள் ஏறி நின்றுவிட்ட ஒரு குண்டு வெளியே குதித்து அவள் பூட்ஸ் மேல் பட்டு வைக்கோலில் விழுந்தது. சிறிய குண்டு, சுண்டுவிரல் முனை அளவு. பிஸ்கட்காரர் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். டர்வர்ட் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாதவன்போல் வாயை மூடிக்கொண்டான். விசில் ப்ராத்தரின் சட்டைப் பொத்தானில் மோதும் சத்தம் கேட்டது.

கார்லீன் தாடியை மோவாயோடு ஒட்ட வெட்டினாள். அழகு பார்க்கவில்லை. துப்பாக்கியை டிரக்கில் வைத்தாள், அவனையும் ஏறச் சொன்னாள். வைக்கோலில் விழுந்த குண்டை அவள் பொறுக்கி வந்து, உள்ளங்கையில் வைத்தபடியே ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பதை லிண்டெல் வழியில்தான் பார்த்தான். தான் என்ன செய்துவிட்டோம் என்பது அவனுக்கு வயலில் உறைக்கவில்லை, அந்தக் கையைப் பார்த்தபோது உறைத்தது.

வீட்டில் அவள் கறுப்புக் கட்டையைக் கழற்றி மரக்கட்டையை மாட்டினாள். வீடியோ எதுவும் பார்க்கவில்லை. துப்பாக்கியை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைத் தன் பேருந்துச் சாவியோடு கோத்துக்கொண்டாள்.

"நான் செத்திருப்பேன்ல?" என்றான் அவன்.

"நீ இல்ல. குழாய் உன் பக்கம் இல்லையே. அந்த பிஸ்கட் தின்ற மனுஷன். அவருக்குப் பேரப்பிள்ளைங்க ரெண்டு, ஏழாம் நம்பர் நிறுத்தத்துல ஏறுவாங்க. திங்கக்கிழமை அதுங்க மூஞ்சில நான் முழிக்கணும்."

அன்று மாலை ப்ராத்தர் போன் செய்தார். குரலில் கமாண்டர் திரும்ப வந்திருந்தார். நடந்ததை ஆழமாக ஆராய்ந்துவிட்டாராம். விபத்துக்குக் காரணம் தெரிந்துவிட்டதாம். இனிமேல் குழுவில் யாருக்கும் தாடி கூடாது. வரும் சனிக்கிழமைக்குள் எல்லோரும் சவரம் செய்துகொண்டு வர வேண்டும்.

லிண்டெல் அரைகுறை மோவாயைத் தடவினான். அடுப்பில் கார்லீன் பன்றிக்கறித் துண்டுகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"குண்டு தாடியில இல்லீங்க கமாண்டர்" என்றான்.

"என்ன சொல்றீங்க?"

"துப்பாக்கில இருந்துச்சு. நான்தான் போட்டேன். நீங்களும் பாக்கல, நானும் பாக்கல."

"நீங்க களைச்சுப் போயிருக்கீங்க. நல்லாத் தூங்குங்க. ஒழுக்கம்தான் முக்கியம்."

"நான் வரல. பேரை எடுத்துருங்க" என்று சொல்லி லிண்டெல் போனை வைத்தான். கார்லீன் தட்டை அவன் முன்னால் தள்ளினாள். உட்கார்ந்து சாப்பிட்டான். மென்றபோது தோல் எரிந்தது.

குழு நின்றுபோகவில்லை. அடுத்த வாரம் டர்வர்ட் கைம்ஸ் தரைவிரிப்புக் கடைக்கு வந்தான். மீசையில்லை, தாடியில்லை. வெயில் பட்ட நெற்றிக்குக் கீழே பாதி முகம் அவித்து உரித்த முட்டைபோல் வெளுத்திருந்தது. மனைவி கூட வந்திருந்தாள். லிண்டெலைத் தெரியாதவன்போல் பழுப்பு விரிப்பொன்றைத் தடவிப் பார்த்தான்.

"இதுல கறை பிடிக்குமா?" என்று அவன் மனைவி கேட்டாள்.

"வீட்டுல துப்பாக்கிய உள்ள பாத்துட்டு வைக்கிறாங்களாங்கறதப் பொறுத்துதாம்மா" என்றான் லிண்டெல், அளக்கும் நாடாவை இழுத்தபடி.