ஆயில் குடிக்கிற வண்டி

பீர்க்கன்கரணையில் ஏரிப் பக்கம் போகும் தெருவில், அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு ஒரு வெள்ளைக் காரைச் சுற்றி ஐந்து பேர் இருந்தார்கள். திறந்த பானெட்டுக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் ஜெயகிருஷ்ணன்; மடியில் நாற்பது பக்க நோட்டு, சட்டைப் பையில் இரண்டு பேனா. பக்கத்தில் நின்ற ஸ்கூட்டரின் மேல் ஒருக்களித்து அவர் மகன் கிரீஷ், கையில் போன். வாசற்படியில், காபி டம்ளர்களை வைத்துக்கொண்டு மருமகள் மிருதுளா. பம்பருக்கு அருகே கவிழ்த்துப் போட்ட பெயின்ட் வாளியின் மேல் மெக்கானிக் தசரதன். ஐந்தாவது ஆள் ஜெயகிருஷ்ணனின் மனைவி அபிதகுஜாம்பாள். அவள் காருக்குள், ஓட்டுநர் இருக்கையில் இருந்தாள். யோசனை கேட்க யாரும் அவளை அங்கே உட்கார வைக்கவில்லை. மிதிக்கச் சொன்னால் மிதிக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது.

"மிதிங்கம்மா" என்றான் தசரதன். அவள் மிதித்தாள். பின்னாலிருந்து நீலமாக ஒரு புகை கிளம்பி, கேட்டைத் தாண்டி, எதிர் வீட்டுக் கொடியில் காய்ந்த வேட்டியைத் தடவிக்கொண்டு போயிற்று. எதிர் வீட்டு ஜன்னல் ஒன்று மெதுவாகச் சாத்திக்கொண்டது.

ஆயில் எரிகிறது என்பதில் ஐந்து பேருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. எந்த ஆயில் ஊற்றினால் அது குறையும் என்பதில்தான் இரண்டு கட்சி. கிரீஷ் சிறுசேரியில் ஐ.டி. வேலை பார்க்கிறவன். எதையும் போனில் பார்த்துவிட்டுத்தான் பேசுவான். முழு சிந்தெடிக், ஃபைவ் டபிள்யூ தர்ட்டி என்றான். ஜெயகிருஷ்ணன் அதைக் கேட்டதும் நோட்டை மூடினார். முதல் எண் இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது ஆயில் எவ்வளவு இளகலாக ஓடும் என்பதற்கு, இரண்டாவது எண் சூடேறிய பிறகு எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. பதினேழு வருட இன்ஜினில் தேய்ந்த இடமெல்லாம் சந்து விட்டிருக்கும். அதில் தண்ணீர் மாதிரி ஆயிலை விட்டால் தங்குமா என்று விளக்கினார். அவருடைய கட்சி ட்வென்டி டபிள்யூ ஃபிஃப்டி. பாகு மாதிரி இருக்க வேண்டும், அவ்வளவுதான். தசரதனிடம் கட்சியே இல்லை. அப்பா காலத்தில் நெல் விளைந்த நிலத்தில் இன்று ஷெட் போட்டு மெக்கானிக் தொழில் பார்க்கிறவன் அவன். எந்த விஷயத்திலும் அவசரப்பட்டு வாயை விடமாட்டான்.

"இன்னா கிரேடுன்றது அப்பால சார். மொதல்ல வண்டி நெஜமா எவ்ளோ குடிக்குதுன்னு தெரியணும்."

ஜெயகிருஷ்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. மின்வாரியத்தில் முப்பத்தொரு வருடம் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து எழுதியவர் அவர். அவர் எழுதிய எண்ணில் ஒரு திருத்தம் வந்தது கிடையாது. அதே கையால்தான் பதினோரு மாதமாகத் தினம் காலை ஆறு மணிக்கு, பேப்பர் வருவதற்கு முன், ஆயில் அளக்கும் குச்சியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, அளவை எழுதி வருகிறார். எழுநூறு கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர். இதற்கு மேல் என்ன தெரிய வேண்டும்?

"அப்பா, இது வேலைக்காகாது" என்றான் கிரீஷ். "மாசக் கடைசி வரைக்கும் எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் இருக்கு. கடைசியா ஒரு தடவை உங்க ஆயிலையே ஊத்திப் பாருங்கோ. நிக்கலைன்னா குடுத்துடலாம். அம்மாக்கு எங்க போகணும்னாலும் நான் கேப் புக் பண்றேன்."

அம்மா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணாடி வழியே அவனைப் பார்த்தாள். கேப் யாருக்கு வேண்டும். அறுபத்தோரு வயதில், மூன்றாவது முயற்சியில், எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கியவள் அவள். பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக இருந்து ரிடையரானதும் எல்லோரும் கோயில் குளம் என்று போனபோது, அவள் எல் போர்டு மாட்டிக்கொண்டு போனாள். இந்த வண்டியின் கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கும் என்பது அவள் இடது பாதத்துக்குத் தெரியும். வேறு வண்டி என்றால் அந்தப் பாதம் மறுபடி ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டும். கிரீஷ் வாங்கப்போவது பெரிய வண்டி. அதன் சாவி யார் கையில் இருக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. கூட வேலை பார்த்த ஷீலா டீச்சர் இப்போது மதுராந்தகத்தில் இருக்கிறாள். அவள் வீட்டு வாசலில் தானே ஓட்டிக்கொண்டு போய் இறங்க வேண்டும். வண்டி போய்விட்டால் அதுவும் போயிற்று.

கூட்டம் ஒரு முடிவுக்கு வந்தது. அடுத்த ஞாயிறு பாகு ஆயில் ஊற்றுவது; அதற்கும் மசியாவிட்டால் வண்டியைக் கொடுத்துவிடுவது. அபிதகுஜாம்பாளிடம் யாரும் கேட்கவில்லை. இன்ஜினை மட்டும் அணைக்கச் சொன்னார்கள்.

புதன்கிழமை மிருதுளா ஆபீசுக்குப் போயே ஆக வேண்டிய நாள். அவளும் சிறுசேரிதான்; ஆனால் கிரீஷ் முன்னமே கிளம்பிப் போயிருந்தான். பதிவு செய்த கேப் இரண்டு முறை ரத்தானதும், "வா, நான் விடறேன்" என்று மாமியார் சாவியை எடுத்தாள். மிருதுளா தயங்கியதெல்லாம் கேட் வரைக்கும்தான். வண்டலூர் தாண்டி கேளம்பாக்கம் ரோட்டில் போகும்போது, ஆபீசில் பிடிக்காதவர்களைப் பற்றி வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தவள், இறங்கும்போதும் முடிக்கவில்லை.

அவளை இறக்கிவிட்டு, விருந்தினர் வண்டிகள் நிற்கும் இடத்தில், பலகை போல் சமமான சிமென்ட் தரையில் வண்டியை நிறுத்தினாள். வெற்றிவேல் என்று மார்பில் பெயர் குத்திய காவலாளி ஓடி வந்து, வண்டி புகைகிறது என்றான். தெரியும் என்றாள். தெரிந்திருந்தும், இவ்வளவு தூரம் வந்ததில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்ப்போமே என்று பானெட்டைத் தூக்கினாள். வண்டியோடு வந்த புத்தகத்தில், இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் பொறுக்கச் சொல்லியிருந்தது. பொறுத்தாள். குச்சியை உருவித் துடைத்து, விட்டு எடுத்தாள்.

குச்சியில் கீழே ஒரு கோடு, மேலே ஒரு கோடு. ஆயில் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்க வேண்டும். மேல் கோட்டுக்கும் மேலே ஒரு விரற்கடை உயரத்துக்கு ஆயில் பளபளத்தது.

காலையில் அவர் எழுதியிருந்ததை அவள் கண்ணால் பார்த்திருந்தாள். 'கீழ்க் கோட்டுக்குச் சற்று மேல். கால் லிட்டர் ஊற்றப்பட்டது.' கால் லிட்டர் ஊற்றி, வழியெல்லாம் எரித்துக்கொண்டு வந்த வண்டியில் ஆயில் எப்படி ஏறும்? மறுபடி துடைத்தாள். மூன்று முறை பார்த்தாள். மூன்று முறையும் அதே விரற்கடை. வீட்டில் பார்த்தால் குறைச்சலாகவும் இங்கே அதிகமாகவும் இருக்கிறது என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

"எங்கப்பாவுக்கு சக்கரை அப்படித்தான் மேடம்" என்றான் வெற்றிவேல் ஆறுதலாக. "வூட்ல ஒண்ணு காட்டும், ஆஸ்பத்திரில ஒண்ணு காட்டும்."

வீட்டுக்கு வந்து வண்டியை ஏற்றினாள். ஏற்றினாள் என்பதுதான் சரி. போன வருடம் மழைக்கு முன், வீட்டுக்குள் தண்ணீர் வராமலிருக்க வாசலை மூன்றடி உயர்த்திக் கட்டினார்கள். கேட்டிலிருந்து படி வரை முழுக்கச் சரிவு. வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு, பின் சக்கரத்துக்குச் செங்கல் முட்டுக் கொடுத்துத்தான் நிற்கும். பத்து நிமிடம் பொறுத்துக் குச்சியை எடுத்தாள். இரண்டு கோட்டுக்கும் நடுவே, சாதுவாக நின்றது ஆயில். அவள் குச்சியைப் பார்த்தாள், சரிவைப் பார்த்தாள், உள்ளே போய் ஜெயகிருஷ்ணனின் நோட்டில் முதல் பக்கத் தேதியைப் பார்த்தாள். சரிவு கட்டி முடித்த மறு வாரம். வடிக்கும் கஞ்சியைச் சாய்த்தால் ஒரு பக்கம்தானே சேரும். வண்டி மூக்கைத் தூக்கி நின்றால் ஆயில் பின்பக்கம் ஒதுங்கும்; குச்சி இருப்பதோ மூக்குப் பக்கம். குறைந்திருக்கிறது என்று இவர் ஊற்ற, அளவுக்கு மேல் போனதை இன்ஜின் நுரைத்து எரித்துத் தள்ள, நிஜமாகவே குறைய, இவர் மறுபடி ஊற்ற. பதினோரு மாதம்.

அவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுச் சிரித்தாள். ஆனால் கூடத்தில் அவர் பனியனோடு உட்கார்ந்து, அன்றைய ஓட்டம் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டு, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் குழாயை மூடிவிட்டாள். ஊரில் எல்லோருடைய தப்பையும் தேதி போட்டுச் சொல்லத் தெரிந்தவள் அவள். இதை மட்டும் எப்படிச் சொல்வது? முப்பத்தொரு வருடத்துக்கும் சேர்த்து விழும் திருத்தமாக அல்லவா அவருக்குப் படும். அன்றைக்குச் சொல்லவில்லை. ஆயில் டப்பாவை மட்டும் அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். மறுநாள் காலை அவர் தேடியபோது, தீர்ந்திருக்கும் என்றாள். தசரதனுக்கு போன் பண்ணி, ஞாயிறு வரை காத்திருக்காமல் சனிக்கிழமையே வருவதாகவும், பழைய ஆயிலை இறக்கியதும் அளந்து பார்க்க வேண்டும் என்றும் சொன்னாள்.

சனிக்கிழமை ஜெயகிருஷ்ணனையும் ஏற்றிக்கொண்டு போனாள். தசரதனின் ஷெட் தரை சமம். வண்டி நின்றதும் தசரதன் அடியில் படுத்து நட்டைக் கழற்றினான். கறுப்பு ஆயில் கயிறு திரித்தாற்போல் இறங்கியது. லிட்டர் கோடு போட்ட கேனில் ஊற்றினான். இந்த இன்ஜினுக்கு மூன்று லிட்டர் என்பது ஜெயகிருஷ்ணனுக்கு மனப்பாடம். மூன்று லிட்டர் தாண்டியது. மூன்றரை தாண்டியது. நாலேகாலில் போய் நின்றது. தசரதன் கேனைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். வாயைத் துணியால் துடைத்துக்கொண்டான்.

"வண்டி கேக்கல சார். நீங்கதான் ஊட்டிகினு கீறீங்க."

ஜெயகிருஷ்ணன் எழுந்து, கேனின் கோட்டுக்கு நேராகக் கண்ணை வைத்து, மீட்டர் பார்ப்பதுபோலவே பார்த்தார். பிறகு மனைவி பக்கம் திரும்பினார். அவள் சரிவைப் பற்றி, சிறுசேரி சிமென்ட் தரையைப் பற்றி, முதல் பக்கத் தேதியைப் பற்றி, ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். அவர் ஒரு நாள்கூட விடாமல் எழுதியதால்தான் அந்தத் தேதி கிடைத்தது என்பதை இரண்டு முறை சொன்னாள்.

"எப்போ கண்டுபிடிச்சே?"

"புதன்கிழமை."

"இன்னிக்கு சனி." அவர் விரலை மடக்கி எண்ணினார். "மூணு நாளா வாயைத் திறக்காம இருந்தியா? நமக்குக் கல்யாணம் ஆனதுலேர்ந்து இப்படி ஒண்ணு நடந்ததில்லையே."

தசரதன் முதலில் சிரித்தான். அதற்கப்புறம் அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே நோட்டை எடுத்து, 'நாலேகால்' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். அந்தக் கோடுகள் கொஞ்சம் கோணலாக வந்தன.

ஆயில் எது என்ற கேள்வி அப்படியே இருந்தது. இந்த முறை அபிதகுஜாம்பாள் யாரும் கேட்பதற்குக் காத்திருக்கவில்லை. வண்டிப் புத்தகத்தைக் கைப்பையிலிருந்து எடுத்து, அடையாளம் வைத்த பக்கத்தைப் பிரித்தாள். இந்த ஊர் வெயிலுக்கு இரண்டு கிரேடு போட்டிருந்தது: டென் டபிள்யூ தர்ட்டி, ட்வென்டி டபிள்யூ ஃபார்ட்டி. மகன் சொன்னதும் அதில் இல்லை, கணவர் சொன்னதும் இல்லை. வண்டிக்கு வயதாகிவிட்டதால் இரண்டில் கெட்டியானது போதும், புத்தகத்தைத் தாண்ட வேண்டாம் என்றாள். தசரதன் தலையாட்டினான். "கரீட்டு. ஆனா ஒண்ணு, பழைய இன்ஜினு. அது பங்குக்குக் கொஞ்சம் குடிக்கத்தான் செய்யும். இந்தப் பொகை நின்னுபூடும்." மூன்றே லிட்டர் ஊற்றினான். ஜெயகிருஷ்ணன் அளந்து கொடுத்தார்.

அடுத்த இரண்டு வாரம் அவள் ஒரு சாக்கையும் விடவில்லை. மிருதுளாவுக்குச் சிறுசேரி, சம்பந்தி வீட்டுக்குப் பள்ளிக்கரணை, கீரைக்கு மேற்குத் தாம்பரம். நானூற்று முப்பது கிலோமீட்டர். மாதக் கடைசி ஞாயிறு, தசரதனின் ஷெட்டில், கிரீஷும் வந்திருக்க, குச்சியை எடுத்தார்கள். மேல் கோட்டிலிருந்து ஓர் அரிசி அகலம் இறங்கியிருந்தது. கிரீஷ் துணியை வாங்கித் தானே துடைத்து, தானே விட்டு எடுத்தான். அதே அரிசி. பின்னால் போய் நின்று மிதிக்கச் சொன்னான். காற்று சுத்தமாக வந்தது. அவன் வெள்ளைச் சட்டைகூட அப்படியே இருந்தது.

"சரி, வெச்சுக்கோ" என்றான். "ஷோரூம்லேர்ந்து போன் வந்தா நீயே பேசிக்கோ. ஆனா ஹைவேக்கு மட்டும் போயிடாதே, ப்ராமிஸ் பண்ணு."

"காபி ஆறிடும்டா" என்றாள் அவள். அங்கே காபியே இல்லை.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு, கிரீஷ் ஆபீஸ் போன பிறகு, சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டுக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். ஷீலாவுக்குக் காது மந்தம். போனில் பேசினால் தெருவே கூடிவிடும். அதனால் அவர்களுக்குள் கடிதம்தான். மேலே ஊர், தேதி. நலம் விசாரிப்பு இரண்டு வரி. பிறகு பேனாவைச் சற்று நிறுத்தினாள். பக்கத்து நாற்காலியில் ஜெயகிருஷ்ணன் பேப்பர் படிப்பதாகப் பாவனை செய்துகொண்டிருந்தார்.

"செங்கல்பட்டு டோல்ல இடது பக்க வரிசையில நில்லு" என்றார் பேப்பரை இறக்காமல். "நானும் வரேன்னு எழுது. நான் ஓட்டலைன்னும் எழுது."

எழுதினாள். 'வருகிற பன்னிரண்டாம் தேதி, காலை ஏழு மணிக்குப் புறப்பட்டு, ஒன்பது மணிக்குள் வந்துவிடுவோம். உங்கள் வாசலில் கார் நிறுத்த இடம் பார்த்து வை. ஓட்டி வருவது நான்.' கடைசி வரியைப் படித்துப் பார்த்தாள். ஒரு வார்த்தையும் அடிக்க வேண்டியிருக்கவில்லை.

பெருங்களத்தூர் தபால் ஆபீசுக்கு வண்டியில்தான் போனாள். கவுண்டர் ஓரத்தில் இருந்த பசைப் புட்டியில் விரலை விட்டு, உறையின் நாக்கில் தடவி, ஓரம் ஓரமாக அழுத்தினாள். கட்டை விரல் உறையோடு ஒட்டிக்கொண்டு, மனசில்லாமல் பிரிந்தது. தலையைப் பெட்டிக்குள் விடுகிற மாதிரி குனிந்து கடிதத்தைப் போட்டாள். அவள் திரும்புவதற்குள் ஊழியர் ஒருவர் சாவியோடு வந்து பெட்டியைத் திறந்து, உள்ளே கிடந்ததையெல்லாம் பைக்குள் சரித்தார். எல்லாவற்றுக்கும் மேலே, விலாசம் வானத்தைப் பார்த்தபடி, அவள் உறை.

தெற்கே போக வேண்டிய கடிதத்தை ஏற்றிக்கொண்டு சிவப்பு வண்டி தாம்பரம் பக்கம், வடக்கே திரும்பியது. அவள் ஜி.எஸ்.டி. ரோட்டின் ஓரத்தில் இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு, பஸ்களும் லாரிகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் போய் ஓர் இடைவெளி விழுவதற்காக, கிளட்சைப் பாதி விட்டபடி காத்திருந்தாள்.