பாசி பிடிக்காத வீடு

தோங்யோங் துறைமுகத்தைப் பார்த்த மூன்றாம் மாடி வீட்டில் கில்தோவின் காது மடல்கள், ஏப்ரல் பதினோராம் தேதி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, வெளிச்சம் விட ஆரம்பித்தன. பெரிய வெளிச்சம் என்று சொல்ல முடியாது. குளிர்பதனப் பெட்டியைத் திறந்தால் வருமே, அவ்வளவுதான். படகு ஓட்டி ஓய்வு பெற்ற மனிதனின் காதை யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள்? அதனால் விஷயம் வெளியே வரவில்லை. அவருடைய தண்ணீர் வடிகட்டிதான் காட்டிக் கொடுத்தது.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீடு வீடாகப் போய் வடிகட்டி மாற்றிச் சுத்தம் செய்வது மியோங்ரேயின் வேலை. அவள் பார்த்துக்கொள்ளும் இருநூற்று நாற்பது வீடுகளிலும் பதினோரு வருடமாக ஒரு இழை பாசி வந்தது கிடையாது. அந்த ஊர்க்காரர்களுக்கு வடிகட்டியின் வெளிக்கூடு கண்ணாடிபோல் உள்ளே தெரிவதாகத்தான் வேண்டும். குழாய்த் துரு எவ்வளவு படிந்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்து அங்கலாய்ப்பதில் அவர்களுக்கு ஒரு சுகம். தெரியும் கூட்டுக்குள் வெளிச்சம் போகும், வெளிச்சம் போனால் பாசி வரும். ஆகவே வெயில் படாத மூலையில் மாட்டுவாள், கறுப்புத் துணி சுற்றுவாள், கூட்டைப் பிளீச்சிங் போட்டுக் கழுவுவாள். கில்தோ வீட்டிலும் எல்லாம் செய்தாள். ஜூனில் பச்சையாக இருந்தது, ஆகஸ்டில் கீரைக்கடைபோல் இருந்தது. இன்னொரு புகார் வந்தால் அவள் பகுதியை வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவதாக மேலாளர் சொல்லிவிட்டார்.

வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, ஒரு மத்தியானம் மியோங்ரே திரைகளை இழுத்து மூடிவிட்டு அந்தச் சமையலறையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கில்தோ வந்தார். கறுப்புத் துணியை அவிழ்த்தார். துரு எவ்வளவு என்று பார்க்கக் கூட்டோடு காதை ஒட்டிக் குனிந்தார். உள்ளே பாசி சிலிர்த்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பியது.

"அக்கா, இங்க வாங்க! இவரு காது லைட்டு மாதிரி எரியுது!" என்று மியோங்ரே கூப்பிட்டாள்.

அவர் மனைவி தோக்சிம் ஈரக் கையோடு வந்து பார்த்தாள். "அட, ஆமா. ஏங்க, எப்போலருந்து?"

"ஏப்ரல்ல ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டுல, நான் ஊறப்போட்ட முள்ளங்கிக் கிம்ச்சி நல்லாருக்குன்னு நீ சொன்னல்ல, அப்போலருந்து."

முப்பத்தெட்டு வருடத்தில் அவள் அவரைப் பாராட்டியது அந்த ஒரு முறைதான். தோக்சிம் வெட்கப்பட்டு அடுப்பைத் துடைக்கப் போய்விட்டாள். "ஒரு தடவ சொன்னதுக்கா இம்புட்டு?" என்று மட்டும் கேட்டாள்.

மியோங்ரேக்கு வேலைதான் முக்கியம். அவர் வடிகட்டிப் பக்கம் போகும்போதெல்லாம் திட்டச் சொன்னாள். தோக்சிமுக்கு அது கைவந்த கலை. "துருவைத் தின்னவா போறீங்க, வேற பொழப்பே இல்லையா?" என்று அவள் போட்ட சத்தம் கீழ்வீடு வரை கேட்டது. பத்து நாள் காது அணைந்து கிடந்தது. பிறகு, தன்னைத் திட்டுவதற்காக ஒருத்தி நாளெல்லாம் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது அவருக்கு உறைத்துவிட்டது. கழுத்து வரை ஜொலித்தார்.

கடைசியில் மியோங்ரே ஒளி புகாத வெள்ளைக் கூட்டை மாட்டி, பழைய கண்ணாடிக் கூட்டை அவரிடமே கொடுத்துவிட்டாள். அதை ஜன்னலோரம் வைத்துத் தன் பாசியைத் தானே வளர்த்துக்கொண்டார். புகார் வரவில்லை, அவள் வேலை பிழைத்தது.

அன்று சாயங்காலம் வீடு திரும்பிய மியோங்ரே தன் சொந்த வடிகட்டி முன்னால் நின்றாள். அதே கண்ணாடிக் கூடு, இருட்டு மூலை, துணிகூடச் சுற்றவில்லை. பதினோரு வருடமாகப் பளிங்கு மாதிரி இருந்தது. கம்பெனிக் கூட்டங்களில் இதைச் சொல்லித்தான் பெருமையடிப்பாள். இந்த வீட்டில் எந்தக் காதும் ஒருநாளும் வெளிச்சம் விட்டதில்லை. முதல் முறையாக அதைப் பார்க்க அவளுக்கு அவமானமாக இருந்தது. மீன் லாரி ஓட்டிவிட்டு வந்து தினமும் சமைத்து வைக்கும் கணவன் சாங்பே குழம்பை அவள் பக்கம் நகர்த்தினான். ஒரு வாய் சாப்பிட்டாள்.

"நல்லாருக்கு," என்றாள்.

"ஏன், உடம்பு சரியில்லையா?" என்றான் அவன்.

ஒன்பது வாரம் கழித்து அவள் கூட்டுக்குள் தலைமுடிபோல் மெல்லிய ஒரு பச்சை இழை ஆடியது. அதை வராமல் தடுப்பதில் அவளை மிஞ்ச அந்த ஊரில் ஆளில்லை. பிளீச்சிங் புட்டியைக் கையில் எடுத்தாள், மூடியை இறுக்கித் திருகினாள், திரும்ப அலமாரியில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள்.