பூட்ஸ் தோலில் வெந்த எஃகு

நெதர்டன் ஊரில் பட்டறைக்காரன் ஈனோக் டிரான்டர் கடினப்படுத்திய கேம்ஷாஃப்ட்டுகள் எல்லாம், எந்த பூட்ஸின் தோலில் வெந்தனவோ அந்த பூட்ஸ்காரரின் நடையில்தான் ஓடின. கேம்ஷாஃப்ட் என்பது எஞ்சின் மூச்சுவிடும் வழிகளைத் திறந்து மூடும் தண்டு. அதன் மேல்பரப்பு தேயக் கூடாது, உள்ளே முறியக் கூடாது. அதற்காக ஈனோக் மென்மையான எஃகில் கடைந்த தண்டைக் கருக்கிய தோல்துண்டுகளோடு இரும்புப் பெட்டியில் அடைத்து, களிமண்ணால் மூடி, எட்டு மணி நேரம் உலையில் வைப்பான். தோலின் கரியை எஃகு குடித்துக்கொள்ளும், கூடவே நடையையும். 1962இல் தபால்காரர் ஒருவரின் பூட்ஸில் வெந்த தண்டு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு நொடி தயங்கித்தான் போனது. நடன ஆசிரியையின் செருப்பில் வெந்தது மும்மூன்றாகத் துடித்தது. பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள் இதற்கும் பழகிக்கொண்டார்கள்.

1976 ஏப்ரலில் பெரில் ஹிங்லி ஒரு ஜோடி பூட்ஸோடு பட்டறைக்கு வந்தாள். சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பியவள், கைத்தடியில்லாமல் நடக்க மாட்டாள். அவள் புருஷன் ஹோரஸ் அந்தக் குளிர்காலத்தில்தான் இறந்துபோனான். சங்கிலித் தொழிற்சாலைக்கு அவன் விடுவிடுவென்று போவதைக் கேட்டே தெருவில் கடிகாரத்தைத் திருத்தியவர்கள் உண்டு. அவனுடைய 1934 மாடல் மோட்டார் சைக்கிள், தேய்ந்த கேம்ஷாஃப்ட்டோடு கொட்டகையில் கிடந்தது.

"எங்க ஹோரஸ் வர்ற சத்தத்தை இன்னொரு தடவை கேக்கணும் ஈனோக். வேற ஒண்ணும் வேணாம்."

"வேற ஜோடி இருக்கா?"

"வேலைக்குப் போட்டதெல்லாம் தேஞ்சு போச்சு. இது ஞாயித்துக்கிழமை பூட்ஸு. இவ்வளவுதான் மிச்சம்."

அங்கேதான் வினை வந்தது. பட்டறையில் இன்னும் கடையாத இரண்டு எஃகுத் தண்டுகள் இருந்தன. ஒன்று தோலின் கரியைக் குடிக்கும். மற்றது எண்ணெயில் முக்கினாலே உள்வரை இறுகிவிடும், தோல் அதற்குத் தேவையே இல்லை. அதில் ஹோரஸ் நுழைய முடியாது. எது எது என்று தெரிய முனையில் பெயின்ட் பூசி வைப்பது வழக்கம், வெட்டும்போது மறுமுனையிலிருந்து வெட்டுவதும் வழக்கம். ஈனோக் இரண்டிலுமே பெயின்ட் பூசிய முனையை வெட்டித் தொலைத்திருந்தான்.

"பெயின்ட் முனையை வெட்டாதேன்னு முப்பது வருஷமா ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவன் நீ," என்றான் எஞ்சின் பூட்டும் லென் ரவுண்ட். "இப்போ பூவா தலையா போட்டுப் பாரு."

ஈனோக் இரண்டையும் சாணைச் சக்கரத்தில் வைத்தான். ஒன்றின் பொறி மத்தாப்பாய்ச் சிதறியது. மற்றதன் பொறி நீளமாக, அதிகம் வெடிக்காமல் ஓடியது. கரி குறைந்த எஃகின் பொறி அப்படித்தான் ஓடும், தோலின் கரியைக் குடிப்பதும் அதுதான். அதையே எடுத்தான். கடைந்து, ஹோரஸின் பூட்ஸ் தோலோடு உலையில் வேகவைத்து, கடைசியில் எண்ணெயில் முக்கினான். விரிசல் விடவில்லை.

ஆனால் லென் வண்டியைக் கிளப்பியதும் எஞ்சின் நொண்டியது. ஒரு அடி நீளம், ஒரு அடி குட்டை, நடுவில் சின்னக் காத்திருப்பு. உலைவாயை மூடினாலும் ஊர்வாயை மூட முடியுமா? டிரான்டர் தப்பான எஃகை எடுத்துவிட்டான் என்று சாயங்காலத்துக்குள் மதுக்கடை வரை பேச்சு. பாவம், ஈனோக்கும் அதை நம்பிவிட்டான். தொப்பியைக் கழற்றிக்கொண்டு பெரில் வீட்டுக்குப் போனான்.

"மன்னிச்சிரு பெரில். ஹோரஸ் ஒரு நாளும் நொண்டுனவன் இல்ல. பூட்ஸையும் கரியாக்கிட்டேன்."

லென் ஓட்டிவந்த வண்டி வாசலில் ஓடிக்கொண்டிருந்தது. பெரில் கதவுநிலையைப் பிடித்தபடி நெடுநேரம் கேட்டாள். முகமெல்லாம் நனைந்தது.

"நீங்கல்லாம் ஹோரஸ் வேலைக்குப் போறதைத்தான் கேட்டிருக்கீங்க," என்றாள். "ஞாயித்துக்கிழமை எங்கூட நடக்கையில இப்பிடித்தான் வருவாரு. நாப்பத்தோரு வருஷமும்."

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் லென் வண்டியை முதல் கியரில் கால்வாய் ஓரமாக ஓட்டுவான். பெரில் பக்கத்தில் நடப்பாள். கைத்தடியும் எஞ்சினும் ஒரே தாளத்தில் போகும். பாலத்து மேட்டில் மட்டும், லென் கையே வைக்காமல், வண்டி தானாக நிற்கும். பெரில் மூச்சு வாங்கும் இடம் அது.